மூன்றாம் அத்தியாயத்தில் கை ஏன் நின்றது?

கேட்டவரின் கேள்வி இது. பருவநிலை நிலைகுலைந்த பிறகு நடப்பதாக எழுதப்படும், பதின்ம வயதினருக்கான சாகச நாவல்களில் எவை நம்பும்படி இருக்கின்றன, ஏன்? அவரும் ஒன்று எழுத ஆரம்பித்திருக்கிறார். 2090-ஆம் ஆண்டு, கடல் 40 மீட்டர் ஏறிவிட்டது, மிஞ்சியவர்கள் கண்ணாடிக் கூண்டு போட்ட ஒரு நகரத்தில் வாழ்கிறார்கள். 16 வயதுப் பெண். கொடுங்கோல் அரசு. கூண்டுக்கு வெளியே ஒரு ரகசியம். மூன்றாம் அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது என்கிறார். முதல் இரண்டு அத்தியாயங்களையும் அனுப்பியிருந்தார், படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கை ஏன் நின்றது என்று எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு வேலைவெட்டி எதுவும் இல்லை. காலையில் எழுந்து என்ன செய்வாள்? அவள் நகத்தில் என்ன அழுக்கு இருக்கும்? எதைச் செய்யாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது? இரண்டு அத்தியாயங்களிலும் தேடியதில் ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன். ரகசியத்தைக் கண்டுபிடிப்பது கதாசிரியருக்கு வேலை, நாயகிக்கு அது வேலை ஆகாது. அதனால்தான் மூன்றாம் அத்தியாயத்தில் அவளை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

இந்த வகையில் யார் கேட்டாலும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது பாவ்லோ பாசிகலூபியின் ‘ஷிப் பிரேக்கர்’. 2010-இல் வந்தது, அடுத்த ஆண்டு பதின்ம வயதினருக்கான நூல்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் தரும் பிரின்ட்ஸ் விருது பெற்றது. கதை அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் நடக்கிறது. கடல் ஏறி, பழைய நகரங்கள் முங்கி, ஊரையே துடைத்துப் போடும் புயல்கள் சாதாரணமாகிவிட்ட காலம். ஆனால் முதல் பக்கத்தில் இதெல்லாம் இல்லை. முதல் பக்கத்தில் நெய்லர் என்ற பையன், கரைதட்டி நிற்கும் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்துகொண்டு செம்பு ஒயரைப் பிடுங்குகிறான். நெற்றியில் பூசிய ஒளிரும் மையின் மங்கல் வெளிச்சம்தான் அவனுக்கு விளக்கு. அன்றைய கணக்குக்கு இவ்வளவு ஒயர் தேற்றியாக வேண்டும். தேறவில்லை என்றால் அவன் இடத்துக்கு வரக் கரையில் வேறு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். குழாய்க்குள் நுழைய உடம்பு சிறியதாக இருக்க வேண்டும். நெய்லர் வளர்ந்துகொண்டிருக்கிறான். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் அந்த வேலை போய்விடும். பெரிய இரும்பை இழுக்கும் கூட்டத்தில் சேர வேண்டுமென்றால் நல்ல ஆகிருதி வேண்டும். அரைவயிற்றுச் சாப்பாட்டில் அது வராது. அதாவது பையன் வளர்வதே ஆபத்து. பதின்ம வயதுக் கதைகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் வளர்வதைப் பற்றியவைதான். அந்தப் பழைய விஷயத்தை ஒரு குழாயின் அகலமாக மாற்றி வைத்துவிட்டார் மனிதர். எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு நடை போய்வரத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் குழாய் உடைந்து, கப்பலுக்குள் யாருக்கும் தெரியாமல் தேங்கிக் கிடக்கும் எண்ணெய்க்குள் விழுகிறான். கூட வேலை செய்யும் ஒரு பெண் வந்து பார்க்கிறாள். கயிறு போட்டுத் தூக்கலாம். தூக்கினால் எண்ணெய் கிடைத்த அதிர்ஷ்டத்தைப் பங்கு போட வேண்டும். விட்டுவிட்டுப் போனால் முழுவதும் அவளுக்கு. அவள் போய்விடுகிறாள். பருவநிலைச் சீரழிவு மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பிறகு நெய்லருக்கு அதே தராசு வேறு வடிவில் வரும். புயலில் உடைந்த ஒரு பணக்காரக் கப்பலில் குற்றுயிராக ஒரு பெண் கிடப்பாள். அவள் செத்தால் கப்பலில் உள்ளதெல்லாம் இவனுக்கு. மிச்சத்தை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

நான் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கும் வழக்கம் உண்டு. இந்த முதல் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தபோது, வழக்கமாக வாயே திறக்காத ஒரு பையன் குறுக்கே பேசினான். அவன் அப்பா காயலான் கடை வைத்திருக்கிறார். ஒயரை உரித்து எடுத்தால் செம்பு பளபளவென்று வரும், நல்ல விலை. எரித்து எடுத்தால் கறுத்துப்போகும், விலை குறைவு, ஆனால் வேலை சீக்கிரம் முடியும் என்றான். ‘இந்தப் பையன் எரிப்பானா உரிப்பானா?’ என்று கேட்டான். அதன்பிறகு அந்த வட்டத்தில் யாருக்கும் இது எதிர்காலக் கதையாகத் தெரியவில்லை.

உண்மையும் அதுதான். பெரிய கப்பல்களைக் கடற்கரையில் வைத்து மனிதக் கைகளால் உடைக்கும் தொழில் இன்று நடப்பதுதான். குஜராத்தில் அலங், வங்கதேசத்தில் சிட்டகாங், பாகிஸ்தானில் கடானி. அலங்கில் 1983-இல் தொடங்கியது. காம்பாத் வளைகுடாவில் ஓதம் பல மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் கப்பலை முழு வேகத்தில் கரையை நோக்கி ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அது சேற்றில் மலை மாதிரி நிற்கும். ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஆட்கள் கேஸ் கட்டரோடு ஏறுவார்கள். அலங் போகும் சாலையின் இருபுறமும் கப்பலில் கழற்றிய சோபா, மெத்தை, பீங்கான் தட்டு எல்லாம் கடை போட்டு விற்கும். வங்கதேசத் தளங்களில் சிறுவர்கள் வேலை செய்தது பலமுறை ஆவணப்படுத்தப்பட்டிருக்கிறது. கப்பல் உடைப்பைப் பாதுகாப்பாக்குவதற்கான ஹாங்காங் ஒப்பந்தம் 2009-இல் ஏற்கப்பட்டு, 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வருடம். உங்கள் நாயகியின் வயசு.

ஆக, பாசிகலூபி எதிர்காலத்தைக் கற்பனை செய்ததைவிட, இன்றைக்கு ஓரிடத்தில் இருக்கும் வாழ்க்கையைத் தூக்கி வேறோர் இடத்தில் வைத்தார் என்பதே சரி. அதில் ஒரு குறும்பும் உண்டு. நாவலில் கப்பல் உடைப்பவர்கள் அமெரிக்கக் கரையில் இருக்கும் ஏழைகள். அந்தப் பணக்காரக் கப்பலில் கிடக்கும் பெண்ணின் பெயர் நீதா. அவள் குடும்பக் கம்பெனியின் பெயரில் பட்டேல் இருக்கிறது. அமெரிக்க விமர்சனங்களில் இந்தத் தலைகீழ் திருப்பத்தை யாரும் பெரிதாகப் பேசி நான் பார்த்ததில்லை. நம் கண்ணுக்கு முதலில் படுவது அதுதானே.

இந்த வகையில் எனக்குப் பிடித்த புத்தகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எல்லாமே இதே காரியத்தைத்தான் செய்திருக்கின்றன. எங்கோ யாருக்கோ ஏற்கெனவே நடந்த ஒன்றை எடுத்து, அது தங்களுக்கு வராது என்று நினைத்திருந்த பிள்ளைகளின் தலையில் வைக்கிறார்கள். அல்லது அதே மக்களின் பிள்ளைகளுக்கே மறுபடியும் வரவைக்கிறார்கள்.

செரி டிமலின் எழுதிய ‘தி மேரோ தீவ்ஸ்’ இரண்டாவது வகை. 2017-இல் வந்தது. கனடாவின் மேட்டி பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்தவர் அவர். நாவலில் பூமி கெட்டுப்போன பிறகு பெரும்பாலான மக்களுக்குக் கனவு வருவது நின்றுவிடுகிறது. கனவில்லாமல் பைத்தியம் பிடிக்கிறது. பழங்குடிகளுக்கு மட்டும் இன்னும் கனவு வருகிறது. அது அவர்களின் எலும்பு மஜ்ஜையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அவர்களைப் பிடித்துக்கொண்டுபோக ‘பள்ளிகள்’ கட்டுகிறார்கள். ஒருவரிக் கதையாகக் கேட்டால் பேய்க்கதை மாதிரி இருக்கும். ஆனால் பள்ளி என்ற அந்தச் சொல்லைக் கனடாவில் யாரும் சும்மா கடந்துபோக முடியாது. அரசின் பணத்தில் தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளுக்குச் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகள் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்மொழியில் பேசினால் அடி. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். டிமலின் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

காட்டுக்குள் வடக்கு நோக்கி நடந்துகொண்டே இருக்கும் ஒரு சின்னக் கூட்டம், அதில் வேட்டையாடவும் தடம் அழிக்கவும் கற்கும் பிள்ளைகள். சாகசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் மதிப்புமிக்க சொத்து பழைய மொழி தெரிந்த ஒரு கிழவி. அவளிடமிருந்து ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு வரும் பெண்ணைப் பார்த்து நாயகனுக்குப் பொறாமை வருகிறது. தங்கம், ஆயுதம், வரைபடம் என்று எதற்காகவெல்லாமோ பொறாமைப்படும் சாகசக் கதைகளுக்கு நடுவில், ஒரு சொல்லுக்காகப் பொறாமை.

மூன்றாவது ஒன்று சுபாவத்தில் முற்றிலும் வேறு. சாசி லாய்டின் ‘தி கார்பன் டயரீஸ் 2015’, 2008-இல் வெளியானது. லண்டனில் ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. பிரிட்டன் மட்டும் முதல் நாடாகக் கார்பன் ரேஷன், அதாவது ஆளுக்கு இவ்வளவு கரிப்புகைதான் என்ற கட்டுப்பாடு, கொண்டுவருகிறது. ஒரேயடியாக 60 சதவீதம் வெட்டு. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஹீட்டர் போட்டால் கழியும், பஸ்ஸில் போனால் கழியும். அக்காவுக்கு வெறி பிடிக்கிறது, அப்பா அம்மா உறவு ஆடுகிறது, இவளுக்கோ தன் இசைக்குழுவும் பக்கத்து வீட்டுப் பையனும்தான் கவலை. சிரித்துக்கொண்டே படிக்கலாம். பிரிட்டனில் 1940 முதல் 1954 வரை உணவு ரேஷன் இருந்தது. அந்தத் தாத்தா பாட்டி காலத்தை எடுத்துப் பேத்தி தலையில் வைத்துவிட்டார். தனிநபர் கார்பன் ஒதுக்கீடு என்பதும் வெறும் கற்பனை அல்ல. 2006-இல் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டேவிட் மிலிபாண்ட் அதை வெளிப்படையாகவே முன்வைத்துப் பேசினார். 2008-இல் அரசு அதைக் கிடப்பில் போட்டது.

இந்தப் புத்தகத்தில் அரசாங்கம் வில்லன் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது சரியான காரியத்தையே செய்கிறது, அதுதான் வலிக்கிறது. உங்கள் கொடுங்கோல் அரசைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகமும் இங்கேதான். ‘தி ஹங்கர் கேம்ஸ்’ 2008-இல் வந்து எல்லோரையும் ஆட்டிவைத்தது. நல்ல நாவல், மறுக்கவில்லை. அதில் வறட்சி, புயல், தீ, நிலத்தை விழுங்கிய கடல் எல்லாம் நாட்டின் வரலாறாக ஓரிடத்தில் வந்துபோகும், அவ்வளவுதான். அப்புறம் கதை முழுக்கத் தலைநகரம், அரங்கம், கேமரா. பின்னால் வந்தவர்கள் பலர் பருவநிலையை நாடகத் திரைச்சீலை மாதிரிப் பின்னால் தொங்கவிட்டுவிட்டு, முன்னால் சர்வாதிகாரியோடு சண்டை போட்டார்கள். வெள்ளம், வறட்சி வந்த எந்த ஊரிலாவது போய்க் கேளுங்கள். அரசாங்கம் ரொம்ப அழுத்தியது என்று புகார் வராது. யாருமே வரவில்லை என்றுதான் வரும்.

சரி, அறிவியலுக்கு வருவோம். 2090-இல் 40 மீட்டர் என்பது நடக்காது. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, 2100-க்குள் கடல் மட்டம் நாம் மிகக் கட்டுப்பாடாக இருந்தால் சுமார் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக மோசமாக நடந்துகொண்டால் 0.63 முதல் 1.01 மீட்டர் ஏறும். பனிப்பாறைகள் எதிர்பாராத விதமாக உடைந்தால் 2 மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் ஒதுக்க முடியாது என்கிறது. கிரீன்லாந்துப் பனி முழுவதும் உருகினாலே 7 மீட்டர் சொச்சம்தான். மீதிக்கு அண்டார்டிகாவில் பெரும்பகுதி கரைய வேண்டும், அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ‘ஷிப் பிரேக்கர்’ இந்த வம்பிலேயே மாட்டிக்கொள்ளவில்லை. கதை நடக்கும் ஆண்டைச் சொல்வதில்லை. நீங்களும் ஆண்டை அடித்துவிடலாம். ஆனால் நான் சொல்வது வேறு. ஒரு மீட்டரை வைத்தே நாவல் எழுத முடியும், எழுதினால் இன்னும் பயமாக இருக்கும்.

ஏனென்றால் கடல் பெரிய அலையாக வருவதற்கு முன்னால் உப்பாக வரும். 2009 மே மாதம் அய்லா புயல் வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையையும் மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தையும் அடித்தது. கரைகள் உடைந்து உப்புநீர் வயலுக்குள் ஏறியது. புயல் ஒரே நாள்தான். ஆனால் சில இடங்களில் உடைப்பை அடைக்க முடியாமல் ஓதம் வருஷக்கணக்கில் தினமும் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. நெல் வராது. குளத்து நீர் கரிக்கும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடப்பார்கள். ஆண்கள் ஊரை விட்டு வேலை தேடிப் போவார்கள். உங்கள் நாயகியின் அம்மா உலையில் அரிசி போட்டு, ஒரு வாய் எடுத்துப் பார்த்து, ‘இன்னைக்கு உப்புப் போட வேண்டாம்’ என்று சொல்லட்டும். நாற்பது மீட்டரும் செய்யாததை அந்த ஒரு வரி செய்யும்.

தண்ணீர் இல்லாமல் போவதை வைத்து எழுதியதில் ஷஸ்டர்மன் அப்பாவும் மகனும் சேர்ந்து எழுதிய ‘ட்ரை’ (2018) நன்றாக ஓடும். கலிபோர்னியாவில் ஒருநாள் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. சில நாட்களிலேயே அக்கம்பக்கத்தார் மிருகமாகிவிடுகிறார்கள். விறுவிறுப்புக்குக் குறையில்லை. எனக்கு முழுத் திருப்தி இல்லாததற்குக் காரணம், மனிதர்கள் அவ்வளவு சீக்கிரம் மிருகமாவதில்லை என்பதுதான். அதே 2018-இல் கேப்டவுன் நகரம் நிஜமாகவே அந்த நாளை நெருங்கியது. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர். இரண்டு நிமிஷக் குளியல், காலடியில் வாளி, அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கு. குழாயை மூட வேண்டிய நாள் வந்தால் சுமார் 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். அந்த நாள் வரவில்லை. சிக்கனமும் மழையும் காப்பாற்றின. அங்கே வந்தது கலவரம் இல்லை. கணக்கு. யார் எத்தனை லிட்டர், எந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு. வரிசையில் நின்று குடம் வைத்த அனுபவம் உள்ள எவருக்கும் இது புரியும். அடிதடி என்றைக்கோ ஒருநாள், கணக்கு தினமும்.

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில், போகிறபோக்கில், ‘சுத்திகரிப்பு அறையில் வடிகட்டிகளைச் சுரண்டிவிட்டு வந்த கைகளில் வெடிப்பு எரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே அவள் மாடத்தில் நின்று நிலாவைப் பார்க்கப் போய்விடுகிறாள். நிலாவை விடுங்கள். அந்த அறைக்குத் திரும்பிப் போங்கள்.

கூண்டு நகரத்துக்குக் குடிநீர் கடலிலிருந்துதான் வர முடியும். கடல்நீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரிக்கும்போது உள்ளே போகும் நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகும். மீதி, கிட்டத்தட்ட இரு மடங்கு உப்போடு வெளியே போகும். நம் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்திலும் ஒரு மெல்லிய குழாய் சிங்க் பக்கம் தொங்கிக்கொண்டு ஒழுகும், பார்த்திருப்பீர்கள். உங்கள் நகரத்தில் அந்தக் குழாய் எங்கே போய் விழுகிறது? அங்கே யார் இருக்கிறார்கள்? நகரம் ஒவ்வொரு குடம் குடிக்கும்போதும் அவர்கள் பக்கத்தில் ஒரு குடத்துக்கு மேல் உப்புக் கரைசல் கொட்டுகிறது. மீன் தள்ளிப்போகிறது. வலையோடு இன்னும் தொலைவு போக வேண்டியிருக்கிறது. கடற்கரையில் சுத்திகரிப்பு ஆலை வந்த ஊர்களில் மீனவர்கள் இன்றைக்கே இந்தப் புகாரைச் சொல்கிறார்கள்.

இதை வைத்தால் கொடுங்கோலன் தேவைப்படமாட்டான். ரகசியமும் தேவைப்படாது, அது எல்லோருக்கும் தெரிந்த குழாய். மெல்லிய விரல்கள் வேண்டும் என்பதால் வடிகட்டி சுரண்டச் சின்னப் பெண்களை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசிகலூபியிடமிருந்து அவ்வளவு கடன் வாங்கலாம், தப்பில்லை. மூன்றாம் அத்தியாயத்தில், ஒரு வடிகட்டியில் உப்புக்கு நடுவே வலைநூல் சிக்கியிருக்கட்டும். உள்ளே வரும் குழாயின் வாயில் யாரோ வலை கட்டியிருக்கிறார்கள். அவள் அதை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். காட்டினால் அன்றைக்குக் கூடுதலாக ஒரு லிட்டர் தருவார்கள். நூல் புதிது, முடிச்சு கையால் போட்டது. அவள் அதை வாயில் போட்டு மென்று பார்க்கிறாள்.